அந்த ஒரு சனிக்கிழமை: ரட்கர்ஸ் கல்லூரிக் கால்பந்து அணியும் பால் ராப்சனும் (1916–1919)

ஐயாவின் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு நான் நிகழ்த்த வேண்டும் என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று பல நாள் யோசித்தேன். ஐயா கவிஞர் அல்லர், கதாசிரியரும் அல்லர். அவர் மனு எழுதியவர். நம் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார்கள். அவர் கேட்பார், எழுதுவார், கார்பன் தாள் வைத்துப் படி எடுப்பார். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதைப் படியோடு சேர்த்துக் குண்டூசி குத்தி டிரங்குப் பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டியை இந்த ஆண்டுதான் திறந்தோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று நான் பேசப்போவது அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றி. நூறு ஆண்டுக்கு முந்தைய கதை. "இதற்கும் ஐயாவுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதையிலும் ஒரு மனு இருக்கிறது.

1. ஆட்டமும் கல்லூரியும்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணியினர் ஓடுகிறவனை மோதித் தள்ளுவார்கள், கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவார்கள். அந்தக் காலத்தில் தலைக்கவசம் என்பது வெறும் தோல் தொப்பிதான், அதுவும் எல்லோரும் போடுவதில்லை. ஆட்டத்தில் மாணவர்கள் செத்துப்போவது அவ்வப்போது நடந்தது. உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம் இது. தொட்டால் தீட்டு என்று எண்ணுகிற சமூகத்தில் இப்படி ஓர் ஆட்டம் என்ன ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் கால்பந்து ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரி, பிரின்ஸ்டன் கல்லூரியை 6–4 என்று வென்றது. தன்னைக் கல்லூரிக் கால்பந்தின் பிறப்பிடம் என்று ரட்கர்ஸ் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

அதற்கு முந்தைய ஆண்டில், 1868-இல், அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினான்காவது திருத்தம் நிறைவேறியிருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த எல்லோரும் குடிமக்கள், சட்டத்தின் சம பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்று சொன்ன திருத்தம் அது. நேற்றுவரை அடிமையாக இருந்தவரும் காகிதத்திலாவது குடிமகன் ஆனார். கல்லூரிக் கால்பந்துக்கும் இந்தத் திருத்தத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இந்த இரண்டும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் சந்தித்துக்கொள்ளும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ரட்கர்ஸ் 1766-இல் குயின்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1825-இல் ஹென்றி ரட்கர்ஸ் என்ற செல்வந்தரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். கல்லூரியின் பழைய கட்டடத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் வில் என்ற அடிமை மனிதரும் ஒருவர். பின்னாளில் அடிமை ஒழிப்புக்காக மேடை மேடையாக முழங்கிய சோஜர்னர் ட்ரூத், கல்லூரியின் முதல் தலைவருடைய குடும்பத்தாரிடம் அடிமையாகப் பிறந்தவர். இவற்றை அந்தப் பல்கலைக்கழகமே இந்த நூற்றாண்டில் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறது. கட்டியவனின் பேரன் உள்ளே படிக்க வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் டிக்சன் கார். ஆண்டு 1892. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

2. அடிமையின் மகன்

பால் ராப்சனை நம்மில் பலருக்குப் பாடகராகத் தெரியும். மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர் பாடிய பாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. 1958-இல் அவருடைய அறுபதாம் பிறந்த நாளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள், பிரதமர் நேரு அதற்கு வாழ்த்து அறிக்கை தந்தார். அவர் பாடகர் ஆவதற்கு முன்பு கால்பந்து ஆட்டக்காரர் என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

அவருடைய தந்தை வில்லியம் ராப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் பண்ணையிலிருந்து தப்பி ஓடி வடக்கே வந்தார், படித்தார், பாதிரியார் ஆனார். பிரின்ஸ்டன் ஊரில் இருந்த கறுப்பின மக்களின் திருச்சபையில் ஊழியம் செய்தார். 1898 ஏப்ரல் 9 அன்று அங்கேதான் பால் பிறந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அதன் தலைவராக இருந்த உட்ரோ வில்சன் பிறகு நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். அவருடைய ஆட்சியில்தான் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் வலுப்பட்டது.

1901-இல் தந்தை தன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1904-இல் தாய் அடுப்புத் தீயில் வெந்து இறந்தார். தந்தை வண்டி ஓட்டினார், சாம்பல் அள்ளினார், மறுபடியும் வேறு சபையில் ஊழியத்துக்குச் சேர்ந்தார். பிள்ளைகளின் படிப்பை மட்டும் விடவில்லை. 1915-இல் மாநில அளவிலான உதவித்தொகைத் தேர்வு வந்தது. மற்ற மாணவர்கள் அதன் முதல் பகுதியை முந்தைய ஆண்டே எழுதி முடித்திருந்தார்கள். தேர்வு நடக்கும் செய்தியே பாலுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முழுப் பாடத்தையும் ஒரே அமர்வில் எழுதி அவர் தேறினார். ரட்கர்ஸில் நான்காண்டுப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. அந்தக் கல்லூரியின் வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர் என்று கணக்கிடுகிறார்கள். அவர் சேர்ந்தபோது வளாகத்தில் வேறு ஒரு கறுப்பினத்தவரும் மாணவராக இல்லை.

செய்தி தாமதமாகத் தெரிவது, தேர்வில் பாதி தூரம் மற்றவர்கள் ஓடிய பிறகு நாம் கிளம்புவது, அப்படியும் தேறினால் "சலுகை" என்று பேச்சு வாங்குவது. இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

3. பயிற்சித் திடல்

ரட்கர்ஸின் பயிற்சியாளர் ஃபாஸ்டர் சான்ஃபோர்டு. ராப்சன் ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். அவரை முயன்று பார்க்கப் பயிற்சியாளர் அழைத்தார். அணியில் இருந்த வெள்ளை மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாள் பயிற்சியிலேயே வேண்டுமென்று மோதினார்கள். மூக்கு உடைந்தது, தோள்பட்டை இடம் பெயர்ந்தது. பத்து நாள் படுக்கை. இதை 1944-இல் ஒரு பேட்டியில் ராப்சனே சொல்லியிருக்கிறார்.

படுக்கையில் கிடந்தபோது விட்டுவிடலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருடைய தந்தை முன்பே ஒன்று சொல்லி வைத்திருந்தார். ஆடுகளத்திலோ வகுப்பிலோ நீ தனி ஆள் இல்லை, ஆடவும் படிக்கவும் ஆசைப்படும் எத்தனையோ கறுப்பினப் பிள்ளைகளின் சார்பில் நிற்கிறாய், அவர்கள் சார்பில் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அதன் பொருள். அவர் மறுபடியும் களத்துக்குப் போனார்.

இரண்டாவது முறை ஒருவன் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தான். நகங்கள் பெயர்ந்தன. அடுத்த ஓட்டத்தில் பந்தோடு வந்தவனை ராப்சன் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். தரையில் அடித்தால் அவன் பிழைத்திருப்பானா என்பது சந்தேகம். அந்த நொடியில் பயிற்சியாளர், "ராப்சன், நீ அணியில் இருக்கிறாய்" என்று கத்தினாராம்.

இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. சமூகவியல் மாணவனாக எனக்கு வேறொன்று தெரிகிறது. மற்ற எல்லாப் பையன்களும் ஆட்டத்தைக் காட்டி அணிக்குள் வந்தார்கள். இவர் மட்டும் எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் காட்டி உள்ளே வர வேண்டியிருந்தது. அதன் பிறகும் கல்லூரியின் பாடகர் குழுவில் அவருக்கு முழு இடம் கிடைக்கவில்லை. கச்சேரி முடிந்து விருந்தும் நடனமும் இருக்கும், அங்கே வெள்ளைப் பெண்கள் வருவார்கள் என்பது காரணம். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் குரல்களில் ஒன்றை அந்தக் கல்லூரி விருந்துக்கு வெளியே நிறுத்தியது. களத்தில் தோளோடு தோள் இடிக்கலாம், பந்தியில் பக்கத்தில் உட்காரக் கூடாது. தீண்டாமையின் இலக்கணம் எல்லா நாட்டிலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

4. 1916 அக்டோபர் 14

1916 இலையுதிர் காலத்தில் ரட்கர்ஸ் தன் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விழாவை ஒட்டி அக்டோபர் 14, சனிக்கிழமை ஒரு கால்பந்து ஆட்டம். எதிரணி தெற்கே வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்த வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம். அந்தப் பெயரில் இருக்கும் லீ யார் என்றால், அடிமை முறையைக் காக்கக் கிளம்பிய தென்மாநிலங்களின் படைத்தலைவர் ராபர்ட் ஈ. லீ. போரில் தோற்ற பிறகு, 1865 முதல் 1870-இல் இறக்கும்வரை அவர்தான் அந்தக் கல்லூரியின் தலைவர்.

கறுப்பினத்தவன் இருக்கும் அணியோடு நாங்கள் ஆட மாட்டோம் என்றார்கள் விருந்தாளிகள். ரட்கர்ஸ் இணங்கியது. அன்று ராப்சன் களமிறக்கப்படவில்லை. ஆட்டம் 13–13 என்று சமனில் முடிந்தது.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. வசைச் சொல் இல்லை. ராப்சனை அணியிலிருந்து நீக்கவும் இல்லை. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் உட்காரச் சொன்னார்கள். விழா குறையில்லாமல் நடந்தது.

வடக்கத்திக் கல்லூரிகளுக்கும் தெற்கத்திக் கல்லூரிகளுக்கும் இடையே இதற்கென்றே ஓர் எழுதாத ஏற்பாடு இருந்தது. தெற்கத்தி அணியோடு ஆடும்போது வடக்கத்திக் கல்லூரி தன் கறுப்பின ஆட்டக்காரனை வெளியே வைத்துக்கொள்ளும். இதற்கு 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர். பல பத்தாண்டுகள் இது நீடித்தது. எங்கும் எழுதப்படவில்லை, எவரும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் எவரும் மீறவும் வேண்டியதில்லை, எவர் மேலும் வழக்குப் போடவும் முடியாது. நம் பக்கத்தில் இதற்கு ஊர்க் கட்டுப்பாடு, ஊர் வழக்கம் என்று பெயர்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் மேல்நிலைப் பள்ளி மாணவன். பள்ளிக் கபடி அணியில் இடது மூலையில் ஆடுவேன். பக்கத்து ஊரில் ஒரு போட்டி. காலையில் பேருந்து ஏறும் முன் பி.டி. சார் என் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப் போனார். "தம்பி, இன்னிக்கி ஒரு நாள் நீ ஸ்கோர் எழுது. அந்த ஊர்க்காரங்க ஒரு மாதிரி. ஒனக்குத்தான் நல்லது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னை அணியில் சேர்த்தவரே அவர்தான். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன். ஆட்டம் முடிந்து அணிக்கு ஊர்ப் பெரியவர் வீட்டில் சாப்பாடு. நான் பேருந்து நிறுத்தத்தில் பன்னும் டீயும் சாப்பிட்டுக் காத்திருந்தேன். எங்கள் அணி ஜெயித்தது. திரும்பி வரும்போது பையன்கள் பாட்டுப் பாடினார்கள், நானும் பாடினேன். பாடினேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது.

ராப்சன் அந்தச் சனிக்கிழமை எப்படி இருந்திருப்பார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. வெளியே உட்கார வைக்கப்பட்டவனுக்குத் தன் அணி ஜெயிக்க வேண்டும் என்று இருக்குமா, தோற்க வேண்டும் என்று இருக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை கிடைத்ததில்லை.

5. மறுத்தால் என்ன ஆகும்?

அதே பருவத்தில், சில வாரங்களுக்குப் பின், மேற்கு வர்ஜீனியா அணி வந்தது. அவர்களும் அதே கோரிக்கையை வைத்தார்கள். இம்முறை சான்ஃபோர்டு மறுத்துவிட்டார். ராப்சன் ஆடினார். எதிரணி ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை. ஆட்டம் 0–0 என்று முடிந்தது.

தோழர்களே, 1916 பருவத்தில் ரட்கர்ஸ் ஏழு ஆட்டம் ஆடியது. மூன்றில் வெற்றி, இரண்டில் தோல்வி, இரண்டு சமன். விளையாட்டுக் கணக்கில் பெரிய பருவம் இல்லை. ஆனால் இந்த இரண்டு சமன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் "வேறு வழியில்லை" என்றார்கள். இரண்டாவது ஆட்டம் வழி இருந்ததைக் காட்டிவிட்டது. மறுப்பதற்குப் பயிற்சியாளருக்குத் தேவைப்பட்டது "முடியாது" என்ற ஒரு சொல்தான். விருந்தாளிகளின் மனம் கோணும் என்று பயந்து முதலில் கொடுத்த விலை வீண் விலை. அதையும் அவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கவில்லை, பதினெட்டு வயது மாணவனிடமிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சாதியை நம்பாதவர்கள், சாதி பார்ப்பவர்களின் மனம் நோகாமல் நடந்துகொள்வதால்தான் சாதி பாதி பலம் பெறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் பி.டி. சாரை நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

6. 1917: வெற்றிப் பருவம்

அடுத்த பருவம் வேறு மாதிரி. 1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியிருந்தது. கறுப்பின வீரர்கள் தனிப் படைப்பிரிவுகளில் சேர்க்கப்பட்டார்கள். ஜூலையில் கிழக்கு செயிண்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் வீடு புகுந்து கொல்லப்பட்டார்கள். அதைக் கண்டித்து ஜூலை 28 அன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் ஏறத்தாழ பத்தாயிரம் கறுப்பின மக்கள் முழக்கம் எதுவும் இல்லாமல், முரசொலி மட்டும் கேட்க, ஊர்வலம் போனார்கள். குழந்தைகள் வெள்ளை உடையில் முன்னால் நடந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கால்பந்துப் பருவம் தொடங்கியது.

ரட்கர்ஸ் ஒன்பது ஆட்டம் ஆடியது. ஏழில் வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. சிராக்யூஸிடம் மட்டும் 10–14 என்று தோற்றது. மேற்கு வர்ஜீனியாவுடன் 7–7. வாட்ஸ்வொர்த் கோட்டைப் படையணியை 90–0, ஸ்பிரிங்ஃபீல்டை 61–0, ஃபோர்டமை 28–0 என்று வென்றது. பருவம் முழுக்க அணி எடுத்த புள்ளிகள் 295, விட்டுக்கொடுத்தவை 28.

கடைசி ஆட்டம் நவம்பர் 24, சனிக்கிழமை. புரூக்ளினின் எபெட்ஸ் மைதானம். எதிரணி நியூபோர்ட் கடற்படை ரிசர்வ் அணி. யேல் போன்ற பெரும் கல்லூரிகளின் முன்னாள் நட்சத்திரங்கள் போருக்காகக் கடற்படையில் சேர்ந்து ஒரே அணியாக ஆடினார்கள். சின்னக் கல்லூரி ஒன்று அவர்களைத் தாங்காது என்பதுதான் பொது எண்ணம். ரட்கர்ஸ் 14–0 என்று வென்றது. ராப்சன் எதிரணி ஓட்டக்காரர்களை எழவிடவில்லை. மறுநாள் நியூயார்க் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து எழுதின.

அப்போது நாட்டின் சிறந்த பதினொரு கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அறிவிப்பவர் வால்டர் கேம்ப். 1918-இல் அவர் தன் அனைத்து அமெரிக்க முதல் அணியில் ராப்சனைச் சேர்த்தார். பல ஆண்டு கழித்து, ராப்சன் அமெரிக்க அரசுக்கு வேண்டாதவராகி 1950-இல் அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட காலத்தில் வந்த ஒரு கால்பந்துத் தொகுப்பு நூலில், 1918-ஆம் ஆண்டு அணிக்குப் பத்துப் பெயர்களே இருந்தன. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் அணி! 1916-இல் ஒரு நாள் உட்கார வைத்தவர்கள் பிறகு ஏட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் 1995-இல்தான் சேர்ந்தது. அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

7. அதே ஆண்டுகளில் ஓர் இந்தியர்

இந்தக் கதை நடந்த நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நியூயார்க் ரயிலில் போகும் தூரம்தான். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 ஜூலை முதல் 1916 வரை படித்தவர் நம் அண்ணல். 1916 மே 9 அன்று இந்தியச் சாதிகள் பற்றிய தன் முதல் ஆய்வுரையை அங்கே படித்தார். அதன் பின் லண்டன் போய்விட்டார். ராப்சன் உட்கார வைக்கப்பட்ட அக்டோபரில் அவர் அமெரிக்காவில் இல்லை. இருவரும் அப்போது சந்தித்ததாக நான் சொல்ல வரவில்லை.

ஆனால் 1917-ஐப் பாருங்கள். ரட்கர்ஸ் அணி வெற்றி மேல் வெற்றி பெற்ற அந்த ஆண்டில் அண்ணல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்த அதிகாரியின் மேசையில் அலுவலக ஏவலர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். சில ஆண்டு கழித்து ராப்சன் அதே கொலம்பியாவில் சட்டம் படித்து 1923-இல் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் ஒரு சட்ட அலுவலகத்தில் சேர்ந்தார். அவர் சொல்வதை எழுத வெள்ளைச் சுருக்கெழுத்தாளர் மறுத்தார். அவர் சட்டத் தொழிலையே விட்டார். வீசப்பட்ட கோப்பும் எழுத மறுக்கப்பட்ட சொல்லும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த இருவருக்கு நேர்ந்தவை.

விளையாட்டிலும் நமக்கு ஒரு ராப்சன் இருந்தார். பல்வங்கர் பாலூ, 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர். பூனாவில் அவர் பந்து வீசினால் வெற்றி. தேநீர் நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் எறிந்த பந்தை எல்லோரும் தொட்டார்கள். அவர் குடித்த குவளையை எவரும் தொடவில்லை.

8. ஒரு மனு

அந்தச் சனிக்கிழமை நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? ஆட்ட முடிவுப் பட்டியலில் 13–13 என்று மட்டும்தான் இருக்கும். யார் ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்பது அதில் இருக்காது. இதை எழுத்தில் வைத்துக் கல்லூரியிடம் கணக்குக் கேட்டவர் ஒருவர் உண்டு. 1892-இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர், அதே ஜேம்ஸ் கார்.

ரட்கர்ஸுக்குப் பின் கார் கொலம்பியாவில் சட்டம் படித்தார், நியூயார்க் நகர அரசின் வழக்கறிஞர்களில் ஒருவராக உயர்ந்தார். 1919 ஜூனில், ராப்சன் பட்டம் பெறும் தருவாயில், கல்லூரித் தலைவர் டெமரெஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கல்லூரியின் மாணவன் ஒருவன் நிறத்துக்காக வெளியே வைக்கப்பட்டதை அறிந்து எழுதிய கண்டனம் அது. பாரபட்சத்துக்குப் பணிந்ததன் மூலம் கல்லூரி தன் கொள்கையைக் கைவிட்டது என்றார். சோதனை வந்தபோது தன் கல்லூரி தடுமாறிப் பின்வாங்கியது என்ற நினைவை இந்த இளைஞன் வருங்காலமெல்லாம் சுமக்க வேண்டுமே என்று கேட்டார்.

இரண்டரை ஆண்டு கழித்து எழுதிய கடிதம். ஆட்டத்தை மறுபடியும் ஆட முடியாது. அதில் காருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் கல்லூரியின் கோப்புக்குள் அது போய்ச் சேர்ந்தது. எழுதாத ஒப்பந்தத்தால் நடந்த விலக்கம் அன்றிலிருந்து எழுதப்பட்ட ஒன்றாயிற்று. இன்று ராப்சனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அந்தக் கடிதத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

ராப்சன் தன் பங்கை வேறு விதமாகச் செய்தார். 1919-இல் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியவர் அவர். கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் என நான்கு விளையாட்டிலும் கல்லூரி அணியில் ஆடியிருந்தார், படிப்பில் சிறந்தவர்களுக்கான கழகத்திலும் இடம் பெற்றிருந்தார். தந்தை 1918 மே மாதம் இறந்திருந்தார், அதைப் பார்க்க அவர் இல்லை. பட்டத்துக்காக ராப்சன் எழுதிய ஆய்வேட்டின் பொருள் பதினான்காவது திருத்தம். அதை அமெரிக்க அரசியல் சட்டத்தின் உறங்கும் பூதம் என்று வர்ணித்தார். எல்லோருக்கும் சம பாதுகாப்பு என்ற அந்த வரி ஐம்பது ஆண்டாக ஏட்டில் தூங்குகிறது, எழுந்தால் அதன் பலம் தெரியும் என்பது அவருடைய வாதம். 35 ஆண்டு கழித்து, 1954-இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அந்தத் திருத்தத்தை வைத்துத்தான். நம் அண்ணலும் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தந்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கக் கேட்டார்; அந்த அறிக்கையில் அமெரிக்கச் சட்டங்களையும் முன்மாதிரிகளாக வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை வெளியே உட்கார்ந்தவன் சட்டத்தின் எந்த வரி தன்னை உள்ளே அழைக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறான். நான் அந்த ஆய்வேட்டை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

9. டிரங்குப் பெட்டி

முதலில் சொன்ன பெட்டிக்கு வருகிறேன். கபடிப் போட்டிக்கு இரண்டு நாள் கழித்து ஐயா என்னைக் கூப்பிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடந்ததைக் கேட்டார். சொன்னேன். எழுதத் தொடங்கினார். "வேணாம் ஐயா, சார் நல்லவரு, என்ன டீம்ல இருந்து எடுத்துருவாங்க" என்று கெஞ்சினேன். "உன் பேர் வராது" என்றார். "எழுதி என்ன ஆவப் போவுது?" என்று கோபமாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாது. ஆனா நடக்கலன்னு எவனும் சொல்ல முடியாது" என்றார்.

கல்வி அதிகாரிக்கு அந்த மனு போயிற்று. பதில் வரவில்லை. நான் மறந்தும் போனேன். இந்த ஆண்டு பெட்டியைத் திறந்தபோது கார்பன் படி கிடைத்தது. மேலே தேதி, போட்டி நடந்த ஊர், நடந்த விவரம், எதிரே ஒப்புகை அட்டை. சொன்னபடியே என் பெயர் இல்லை. 'அணியின் இடது மூலை ஆட்டக்காரர்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

பெட்டியில் நூற்றுக்கணக்கில் இப்படி இருக்கின்றன. டீக்கடைக் குவளை, சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூடச் சத்துணவு, திருவிழாப் பந்தி. ஒவ்வொன்றும் பெரிய செய்தி ஆகாத ஒரு நாள். எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத ஒரு சனிக்கிழமை. அவற்றை வரிசைப்படுத்தி எண் போட்டுப் பாதுகாக்கும் வேலையைப் பேரவை தொடங்கியிருக்கிறது. உங்கள் வீடுகளிலும் அப்பா, தாத்தா எழுதிய மனுக்கள் பரணில் கிடக்கும். எடைக்குப் போடாதீர்கள், கொண்டுவந்து தாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் புதியவற்றை எழுதட்டும்.

நியூ பிரன்ஸ்விக்கில் 2019-இல், ராப்சன் பட்டம் பெற்ற நூறாவது ஆண்டில், ரட்கர்ஸ் அவர் பெயரில் ஒரு சதுக்கம் திறந்தது. நல்லது. கல்லில் பெயர் வெட்டப்படுவதற்கு நூறாண்டு முன்பே ஒருவர் தாளில் எழுதி வைத்திருந்தார். அவரைப் போன்ற ஒருவரின் நினைவாகத்தான் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

ஜெய் பீம்.